எதிர்ப்பு மனு எழுதும் முன் தெருவை அளந்துவிடுங்கள்

கேள்வி:

ஐயா, வணக்கம். நூற்று நாற்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்புப் பகுதியின் நலச் சங்கத்தில் நான்கு மாதமாகச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் தெருக்கோடியில் பழைய கிடங்கு ஒன்று இருந்தது. 4,000 சதுர மீட்டர் இடம். அதை இடித்துவிட்டு, நிலத்துக்கு அடியில் இரண்டு தளம், மேலே 14 மாடி, மொத்தம் 168 வீடுகள் கட்டப்போகிறார்கள். ஆட்சேபணை இருந்தால் 21 நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அதில் நான்கு நாள் போய்விட்டது.

கிடங்கை இடித்தபோதே, அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் சுவரில் கீறல் விழுந்துவிட்டது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் எங்களிடம் சொன்னார். எங்களுக்கும் தெரியவில்லை. சென்ற ஞாயிறு அவசரக் கூட்டம் போட்டோம். சண்டையில் முடிந்தது. சொந்த வீட்டுக்காரர்கள் வீட்டு மதிப்பு போய்விடும் என்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வாடகை ஏறிவிடும் என்கிறார்கள். 'இத்தனை குடித்தனம், அதிலும் வாடகைக்கு வருகிறவர்கள் வந்தால் ஏரியாவின் தரமே கெட்டுவிடும்' என்றார் ஒரு மூத்த உறுப்பினர். கட்டடம் வந்தால் நல்ல கடைகளும் பஸ் வசதியும் வரும், வரட்டுமே என்று சொல்லும் இளைஞர்களும் இருக்கிறார்கள். போதாததற்கு, எங்கள் தலைவர் தன் மனையையும் அதே நிறுவனத்துக்கு விற்கப் பேசிவருகிறார் என்று ஒரு பேச்சு. முழுத் திட்டத்தையும் நிறுத்தச் சொல்லி மனு எழுதி 140 வீட்டிலும் கையெழுத்து வாங்கும்படி கமிட்டியில் சொல்கிறார்கள். எழுதட்டுமா?

— ஒரு சங்கச் செயலாளர்

பதில்:

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

மனு எழுதத்தான் வேண்டும். ஆனால் கமிட்டி சொல்கிற அந்த மனுவை எழுதாதீர்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. முதலில் அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போங்கள்.

போகும்போது ஒரு பென்சில், ஒரு ஸ்கேல், கேமரா உள்ள போன் எடுத்துக்கொள்ளுங்கள். கீறல் முடிகிற இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே சிறு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். கீறல் வளர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டும். 'இது முன்பே இருந்தது' என்று பிறகு யாரும் சொல்ல முடியாது. அகலமாக இருக்கும் இடத்தில் ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுங்கள். தள்ளி நின்று சுவர் முழுவதும் தெரிய ஒரு படம், எந்த அறை என்று விளங்க இன்னொன்று. பழைய மேஸ்திரிகள் இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். கீறலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு ஓரத்தையும் சாந்தால் பதித்துவிடுவார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். நான் பார்த்த ஒரு வீட்டில் திங்கட்கிழமை பதித்த கண்ணாடி வியாழக்கிழமை காலை இரண்டாக இருந்தது. அதுவரை எங்களை ஏறெடுத்தும் பார்க்காத கட்டுமான மேலாளர் அன்று மத்தியானமே பொறியாளரை அழைத்துக்கொண்டு வந்தார்.

எல்லாக் கீறலும் ஆபத்தல்ல என்பதைப் பாட்டியிடம் சொல்லுங்கள். பாவம், தனியாக இருக்கிறவர் பயந்துபோயிருப்பார். பூச்சில் மட்டும் மயிரிழையாக ஓடுவது பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்தோ கதவு மூலையிலிருந்தோ சாய்வாகக் கிளம்பி, செங்கல் இணைப்புகளைப் பிடித்துப் படிக்கட்டு மாதிரி ஏறுகிற கீறலாக இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று பொருள் இருக்கலாம். அப்படியானால் சங்கச் செலவிலேயே ஒரு கட்டமைப்புப் பொறியாளரை உடனே அழைத்துக் காட்டுங்கள். அவருடைய அறிக்கையோடு அனுமதி தரும் அலுவலகத்துக்கும் கட்டுமான நிறுவனத்துக்கும் பாட்டியின் பெயரில் கடிதம் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிடங்கை இடிக்கும்போது வந்த அதிர்வுக்கே இந்தக் கீறல் என்றால், நிலத்தடித் தளத்துக்காகத் தோண்டும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆழமாகத் தோண்டினால் பக்கத்து மண் பள்ளத்தை நோக்கி லேசாக நகரும். ஊறுகிற நீரை இரவும் பகலும் பம்ப் வைத்து இறைப்பார்கள். நீர் இறங்கினால் மண்ணும் சற்று அமுங்கும். தோண்டும் ஆழத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு தூரம் வரை இதன் பாதிப்பு தெரியலாம். இரண்டு தளத்துக்கு ஏழு மீட்டர் ஆழம் என்று வைத்தால் சுமார் இருபது மீட்டர். மண்ணைப் பொறுத்து இன்னும் கூடலாம். அந்தத் தூரத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டையும், ஒரு மண்வெட்டு விழுவதற்கு முன்பே, சங்கமும் நிறுவனமும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பொறியாளர் உள்ளும் புறமும் படம் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். செலவு நிறுவனத்துடையது. இரு தரப்பும் கையெழுத்திட்ட நகல் வீட்டுக்காரர் கையில் இருக்க வேண்டும். உங்கள் மனுவின் முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்.

இனி மனுவுக்கு வருகிறேன். ஒரு பழைய கதையைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது.

பல வருடங்களுக்கு முன்பு இதே மாதிரி ஒரு சங்கம் என்னிடம் வந்தது. தெருவில் பெரிய கட்டடம், ஊரே கொதித்துப்போயிருந்தது. 'இந்தத் திட்டம் வேண்டவே வேண்டாம்' என்று மூன்று பக்க மனு. அதை எழுதிக்கொடுத்தவன் நான்தான். எல்லா வீட்டிலும் கையெழுத்து வாங்கினார்கள். ஆட்சேபணைகளைக் கேட்கும் விசாரணை நாளில் கூடம் நிறைந்துவிட்டது. அனுமதி கிடைக்காது என்றே எல்லாரும் நம்பினோம். அந்த மனையில் அந்த உயரத்துக்குக் கட்ட விதி இடம் கொடுத்தது. அதனால் அனுமதி கிடைத்தது. ஆணையைக் கையில் வாங்கிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது: அதில் எங்கள் தெருவைப் பற்றி ஒரு நிபந்தனைகூட இல்லை. லாரி எந்த வழியாக வர வேண்டும், எத்தனை மணிவரை வேலை செய்யலாம், தண்ணீரை எங்கே விடுவது, எதுவும் இல்லை. நாங்கள் கேட்டிருந்தால்தானே எழுதுவார்கள்? 'வேண்டாம்' என்ற ஒரே சொல்லைத்தான் நாங்கள் கேட்டிருந்தோம். இரண்டு வருடம் அந்தச் சந்து வழியாக ராத்திரியில் லாரி போனது. அந்த ஜனங்கள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

ஆகவே உங்கள் மனுவில் இரண்டு பாகம் இருக்க வேண்டும். இந்த வரைபடம் இப்படியே இருந்தால் எங்கே விதிக்கு முரணாகிறது, எங்கே ஆபத்து என்பது ஒன்று. அனுமதி தருவதானால் ஆணையில் என்னென்ன நிபந்தனை ஏற வேண்டும் என்பது மற்றது. இரண்டாவதை எழுதினால் முதலாவதை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று உங்கள் கமிட்டியில் சிலர் சொல்வார்கள். ஆகாது. 'எங்கள் ஆட்சேபணையைக் கைவிடாமல்' என்று தொடங்கி ஒரு வரி எழுதிவிட்டு நிபந்தனைகளைக் கேட்கலாம். கூட்டத்தில் நிறுவனத்தார் வாயால் சொல்கிற வாக்குறுதி காற்றோடு போய்விடும். ஆணையில் ஏறிய நிபந்தனையை மீறினால்தான் அலுவலகம் வந்து வேலையை நிறுத்த முடியும். உங்கள் கைக்கு வரப்போகிற பலம் இந்த நிபந்தனைகள்தான். மீதி 17 நாளையும் இதற்கே செலவிடுங்கள்.

நிபந்தனை கேட்பதற்கு எண்கள் வேண்டும். 'போக்குவரத்து நெரிசல் ஏற்படும்' என்று எழுதாத மனுவை நான் பார்த்ததே இல்லை. அதிகாரிகளுக்கும் அது பழகிப்போன வரி. கண் அதன்மேல் நிற்காது. ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள். நிலத்தடிப் பள்ளம் 60 மீட்டர் நீளம், 45 மீட்டர் அகலம், 7 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். 18,900 கன மீட்டர் மண். தோண்டினால் மண் பொதபொதவென்று உப்பும். கால் பங்கு கூடினாலே சுமார் 23,600 கன மீட்டர் ஆகிவிடும். ஒரு லாரி 10 கன மீட்டர் கொண்டுபோகும் என்றால் 2,360 லாரி. ஒவ்வொன்றும் காலியாக வந்து நிறைந்து போக வேண்டும்; அப்படியானால் உங்கள் தெருவை 4,720 முறை கடக்கும். அறுபது நாளில் முடிக்கிறார்கள், நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை என்றால் ஏறக்குறைய ஏழரை நிமிடத்துக்கு ஒரு லாரி. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் நேரத்திலும் அப்படித்தான். இந்த ஒரு பத்தியை வரைபடத்தில் உள்ள உண்மையான அளவுகளைப் போட்டு எழுதிக் கொடுங்கள். 'பள்ளி திறக்கும், விடும் நேரத்தில் லாரி வரக்கூடாது. பெரிய சாலைப் பக்கம் தற்காலிக வாசல் வைக்க வேண்டும். வெளியே வரும் லாரியின் சக்கரத்தைக் கழுவிய பிறகே தெருவில் விட வேண்டும்' என்று கேட்டால் மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கும்.

தெருவில் இப்போது என்ன போகிறது என்பதையும் எண்ணிவிடுங்கள். ஆளுக்கு ஒரு நோட்டு, காலையும் மாலையும் கூட்டம் மிகுந்த இரண்டிரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒரு வரி. கார், இருசக்கர வண்டி, சைக்கிள், நடப்பவர் எல்லாம் தனித்தனியாக. விடுமுறை நாளில் எண்ண வேண்டாம். எதிர்த் தரப்பு அதைத்தான் முதலில் பிடிப்பார்கள். இதற்கு அந்த இளைஞர்களைக் கூப்பிடுங்கள். கட்டடம் வரட்டுமே என்று சொல்கிறவர்கள் எண்ணிய எண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

தண்ணீர்க் கணக்கு இன்னும் எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர். மனையில் 3,200 சதுர மீட்டர் கூரையாலும் கான்கிரீட்டாலும் மூடப்படுகிறது என்றும், ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் கொட்டுகிறது என்றும் வைத்தால் 1,92,000 லிட்டர். மண் தரையாக இருந்த அளவுக்கு அதில் ஒரு பங்கைப் பூமி குடித்திருக்கும். இனிமேல் அத்தனையும் ஓடும். எங்கே ஓடும்? உங்கள் தெரு வடிகாலின் அகலம் என்ன, அது தாழ்வான எந்த வீட்டு வாசலைத் தொட்டுப் போகிறது, போன பெருமழையில் நீர் எதுவரை நின்றது? சுவரில் நீர் நின்ற கறை இருந்தால் அதையும் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். மழைநீரை மனைக்குள்ளேயே தேக்கி மெதுவாக விடும் தொட்டி வேண்டும் என்று கேளுங்கள். தொட்டியின் கொள்ளளவு ஆணையில் லிட்டரில் எழுதப்பட வேண்டும். 'உரிய ஏற்பாடு செய்யப்படும்' என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நிழலும் உண்டு. மாடிக்கு மூன்று மீட்டர் என்றால் 42 மீட்டர் உயரம். சூரியன் அடிவானத்துக்கு மேலே 45 பாகையில் (டிகிரி) இருக்கும்போது நிழலின் நீளமும் 42 மீட்டர். 30 பாகைக்கு இறங்கினால் 73 மீட்டர். வெயில் மறைவதைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்களோ என்று தயங்காதீர்கள். ஜப்பானில் வெயில் கிடைப்பதை ஓர் உரிமையாகவே பேசுகிறார்கள். 1972இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைக் காக்கத் தகுந்த நலன் என்று ஏற்றது. 1976இல் கட்டடச் சட்டத்திலேயே நிழலுக்கு வரம்பு வைத்தார்கள். ஆண்டில் பகல் மிகக் குறுகிய நாளில், அக்கம்பக்கத்து மனைகளில் எத்தனை மணி நேரம் நிழல் விழலாம் என்று அளக்கிறார்கள். உங்கள் ஊர் விதியில் அப்படி இல்லாவிட்டாலும் நிழல் வரைபடம் தரச் சொல்லிக் கேட்கலாம். மேல் மாடிகளைத் தெருவிலிருந்து சற்று உள்வாங்கிக் கட்டினால் எவ்வளவு குறையும் என்று அந்த வரைபடமே காட்டிவிடும்.

வேலை நேரம், சத்தம், தூசி, மரங்களைச் சுற்றி வேலி, தீயணைப்பு வண்டி திரும்ப இடம், இரவிலும் எடுக்கிற ஒரு போன் எண், இவையெல்லாம் வழக்கமானவை. ஒவ்வொரு வரி போதும்.

எழுதக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். வீட்டு மதிப்பு குறையும் என்பதை மனுவில் சேர்க்காதீர்கள். பல நாடுகளில் திட்ட அனுமதி முடிவெடுக்கும்போது சொத்து விலையைக் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் கூட்டத்திலேயே ஒரு தரப்பு விலை குறையும் என்கிறது, இன்னொரு தரப்பு வாடகை ஏறும் என்கிறது. இரண்டு பேரின் பயமும் உண்மையான பயம்தான், நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே மனுவில் வைத்தால் ஒன்றையொன்று அடித்துவிடும்.

அந்த மூத்த உறுப்பினர் சொன்னதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும். 'வாடகைக்கு வருகிறவர்களால் தரம் கெடும்' என்று அவர் பேசியபோது அதே கூடத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? உங்கள் பிள்ளைகளோடு படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் அவர்கள். நாளைக்கு அவர்களிடம் கையெழுத்துக்குப் போய் எந்த முகத்தோடு நிற்பீர்கள்? கட்டடம் எங்கே நிற்கிறது, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் வாசல் என்று பேசும் உரிமை சங்கத்துக்கு முழுமையாக இருக்கிறது. அதில் யார் வந்து குடியிருக்கலாம் என்று பேசுவதற்கு யாருக்கும் உரிமை இல்லை. அந்த வரி மனுவில் ஏறினால் நீங்கள் உழைத்துத் திரட்டிய லாரிக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் யாரும் படிக்க மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு எதிரான மனு என்று ஒதுக்கிவிடுவார்கள், அது நியாயமும்கூட. அவரைத் தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். கூட்டத்தில் வைத்துத் திருத்தினால் வீம்புதான் வளரும். அவருக்கு எது பயம் என்று கேளுங்கள். தெரிந்த முகங்கள் குறைந்து, அவசரத்துக்குக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்விடுமோ என்ற பயமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதற்கு வழி உண்டு: புதுக் கட்டடத்தின் தரைத்தளம் தெருவைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும், தெரு ஓரத்தில் நீளமான மொட்டைச் சுவர் கூடாது என்று கேட்கலாம். வாசல்கள் தெருவைப் பார்த்தால் ஆட்கள் தெருவைப் பார்ப்பார்கள்.

வாடகைக்காரர்களுக்கு உங்கள் சங்கத்தில் ஓட்டு உண்டா? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால், இந்த மனுவுக்காவது ஒரு வீட்டுக்கு ஒரு குரல், சொந்த வீடானாலும் வாடகையானாலும் என்று தீர்மானம் போடுங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 97 ஊர்களில் நடந்த திட்ட விசாரணைக் கூட்டங்களின் குறிப்புகளைத் தோண்டிப் பார்த்தார்கள். பேசியவர்களில் வயதானவர்கள், ஆண்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள், வெகுகாலமாக அங்கேயே இருப்பவர்கள் அவரவர் விகிதத்தைவிட அதிகம். நம்முடைய கூட்டங்களையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். கதவோரம் நின்று கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போகிறவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது தலைவர். தன் மனையை விற்பது அவர் விருப்பம், அதில் தவறு ஒன்றும் இல்லை. பேச்சு பேச்சாகவே சுற்றுவதுதான் சங்கத்தை அரித்துவிடும். நேரில் போய், மரியாதையாக, 'அண்ணே, இப்படி ஒரு பேச்சு இருக்கிறது, உண்மையா?' என்று கேட்டுவிடுங்கள். உண்மை என்றால் அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து சொல்லட்டும். இந்தத் திட்டம் பற்றிய பேச்சுவார்த்தையிலிருந்தும் ஓட்டிலிருந்தும் மட்டும் விலகி நிற்கட்டும். கூட்டக் குறிப்பில் அது பதிவாக வேண்டும். மற்ற வேலைகளுக்கு அவரே தலைவர். உண்மை இல்லை என்றால், அதையும் அவர் வாயாலேயே சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அதோடு இன்னொரு தீர்மானமும் போடுங்கள்: நிறுவனத்திடமிருந்து சங்கம் பணமோ பொருளோ வாங்காது, கமிட்டியில் இருக்கும் யாரும் தனியாக அவர்களைச் சந்திக்க மாட்டார்கள். சங்கக் கட்டடத்துக்கு நன்கொடை, புது வாயில் வளைவு என்று ஏதாவது ஒன்றோடு வருவார்கள். தெருவுக்கு அவர்கள் செய்ய வேண்டியது இருந்தால் அது அனுமதி ஆணை வழியாகவே வரட்டும்.

முழுவதும் நிறுத்தவே முடியாதா என்று உங்கள் கமிட்டி கேட்கும். முடிந்த இடங்களும் உண்டு. நியூயார்க்கில் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நடுவே சாலை போட ராபர்ட் மோசஸ் என்ற மிகச் செல்வாக்கான அதிகாரி முனைந்தார். 1952இல் ஷெர்லி ஹேய்ஸ் என்ற ஒரு தாய் எதிர்ப்பைத் திரட்டத் தொடங்கினார். நகரங்களைப் பற்றி எழுதிவந்த ஜேன் ஜேக்கப்ஸ் பிறகு சேர்ந்துகொண்டார். அவர்கள் அமைத்த கூட்டுக்குழுவின் பெயரிலேயே கோரிக்கை இருந்தது: சதுக்கத்தைப் போக்குவரத்துக்கு மூடு. வேறு எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இந்த ஒன்றுக்காகச் சேர்ந்தார்கள். சோதனையாக மூடிப் பார்க்கலாம் என்று கேட்டு வாங்கி, 1958இல் மூடினார்கள். சுற்றுத் தெருக்கள் அடைத்துக்கொள்ளும் என்று சொல்லப்பட்டது நடக்கவில்லை. சாலைத் திட்டம் அத்தோடு போயிற்று.

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில், காயின் தெருப் பகுதியில் நடந்ததைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இப்போதும் உற்சாகம் வந்துவிடுகிறது. பெரிய ஹோட்டலும் அலுவலகங்களும் கட்டத் திட்டம் வந்தது. 1977இல் அங்கிருந்த குடிமக்கள் சேர்ந்து ஒரு செயற்குழு அமைத்தார்கள். எதிர்த்ததோடு நிற்காமல், வீடுகள், பூங்கா, கடைகள் என்று தாங்களே ஒரு திட்டம் வரைந்து அனுமதிக்குப் போட்டார்கள். இரண்டு பொது விசாரணைகள் நடந்தன. கடைசியில் அரசு இரண்டு திட்டத்துக்கும் அனுமதி கொடுத்துவிட்டது. இழுத்துக்கொண்டே போனதில் நிறுவனம் சலித்து, 1984இல் நிலத்தை விற்றது. 13 ஏக்கரும் அந்த ஊர் மக்கள் அமைத்த நிறுவனத்தின் கைக்கு வந்து, கூட்டுறவு வீடுகள் எழுந்தன. 'வேண்டாம்' என்பதோடு நின்றிருந்தால் நிலம் கைக்கு வந்த நாளில் அவர்களிடம் கட்டுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே மாற்றுத் திட்டம் வரைய உட்காராதீர்கள். ஏழு வருட வேலை அது. ஆனால் ஒரே ஒரு தாளில், அந்த மனையில் எது வந்தால் தெருவுக்கு நல்லது என்று எல்லாரும் சேர்ந்து எழுதிவைக்கலாம். திட்டம் கைமாறுகிற வேளையில் அந்தத் தாள் உதவும்.

இப்படி 21 நாள் அவகாசத்தில் மக்களைக் கேட்பதையே பெரிய ஜனநாயகம் என்று அலுவலகங்கள் நினைக்கின்றன. ஷெரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து காட்டினார். கருத்துக் கேட்பு அதில் நான்காவது படிதான். கேட்பார்கள், ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. 1998இல் ஐரோப்பிய நாடுகள் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கை, எல்லா வழியும் திறந்திருக்கும் தொடக்க நிலையிலேயே மக்களைச் சேர்க்க வேண்டும் என்கிறது. உங்களிடம் வரும்போது வரைபடம் முடிந்துவிட்டது. இந்தக் குறையையும் மனுவில் ஒரு வரியாகப் பதிவு செய்யுங்கள். அப்புறம், உங்கள் பகுதியின் முழுமைத் திட்டத்தை (மாஸ்டர் பிளான்) அடுத்து எப்போது திருத்துகிறார்கள் என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஒரு மனையில் எத்தனை மாடி வரலாம் என்பது அங்கேதான் முடிவாகிறது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் உங்கள் சங்கத்திலிருந்து யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

விசாரணை நாளில் எல்லாரும் பேச வேண்டாம். நான்கு பேர் போதும், ஆளுக்கு ஒரு விஷயம். லாரியைப் பற்றி, பிள்ளையைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போகிற ஒரு தாய் பேசட்டும். அவர் வாடகை வீட்டில் இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீரைப் பற்றித் தாழ்வான வீட்டுக்காரர். எண்ணிய இளைஞர்களில் ஒருவர். கடைசியாக நீங்கள், நிபந்தனைப் பட்டியலை வரிசை எண்ணோடு படித்துவிட்டு, ஒவ்வொன்றையும் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். மற்றவர்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தாலே போதும். மூத்த உறுப்பினரை முதல் வரிசையில் உங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

மனுவைக் கடைசி நாள்வரை வைத்திருக்காமல் இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்பு வரைபட நகலைக் கேட்டு வாங்கும்போது மழைநீர் வடிகால் பக்கத்தையும் நிலத்தடித் தளத்தின் குறுக்குவெட்டுப் படத்தையும் மறக்காமல் சேர்த்துக் கேளுங்கள். அந்த இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிட்டுத்தான் தருவார்கள். கிடைத்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். கணக்கை நான் சரிபார்த்துத் தருகிறேன். பாட்டியின் சுவர்ப் படங்களையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள்.